வாழும் நோக்கமுள்ள குடும்பம்

“பாபா, இந்த இருட்டு வீட்டுக்குள்ள எல்லாம் யாரு தூங்குறாங்க?”

தஸ்னீம் இதைக் கேட்டபோது அவளுக்கு ஆறு வயது. கெய்ரோவின் ரிங் ரோட்டில் நெரிசலில் சிக்கி மைக்ரோபஸ் நின்றுகொண்டிருந்தது. அந்தித் தொழுகைக்கான மஃரிப் பாங்கு ஓய்ந்து வானம் கறுத்துவிட்டது. வலப்பக்கம் வெல்மோரா குடியிருப்பு கண்ணுக்கெட்டிய தூரம்வரை கட்டடம் கட்டடமாக நின்றது. சுற்றுச்சுவரில் மட்டும் அலங்கார விளக்குகள். ஜன்னல் ஒன்றில்கூட வெளிச்சம் இல்லை.

கேள்வி அவள் அப்பா ஹாதிமுக்கு. பல்கலைக்கழகத்தில் மண்ணியல் பாடம் நடத்துபவன் அவன். மண்ணைப் பற்றி முனைவர் பட்டம் உண்டு; சொந்தமாக ஒரு பிடி மண் கிடையாது. ஓட்டுநர்தான் திரும்பிப் பார்த்துப் பதில் சொன்னார்.

“பணம் தூங்குது கண்ணு. சத்தம் போடாத, முழிச்சிடும்.”

வண்டி முழுக்கச் சிரித்தது. தஸ்னீம் மட்டும் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு, “அதுக்கு எதுக்கு இவ்ளோ பெரிய வீடு?” என்றாள்.

அந்த வாரம்தான் நகரின் டொக்கிப் பகுதியில் அவர்கள் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர் ஃபத்ஹி ஒரு தட்டு இனிப்போடு வந்தார். மகனுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளைக்கு வீடு இல்லையென்றால் எந்தப் பெண்வீட்டார் சம்மதிப்பார்கள்? ஆகவே ரமலானுக்கு முன்னால் வீட்டைக் காலி செய்து தர வேண்டும். நல்ல செய்தி, இனிப்பும் நன்றாகத்தான் இருந்தது. அதனால் கோபப்படவும் வழியில்லை.

ஹாதிமின் மனைவி ரபாப் கண் மருத்துவர். அவளுடைய அரசு ஆஸ்பத்திரியை ஊருக்குக் கிழக்கே, வெல்மோராவுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டார்கள். விடியற்காலை சுபுஹுத் தொழுகை முடித்துக் கிளம்பினால்தான் நேரத்துக்குப் போக முடியும். அந்தப் பக்கத்தில் வாடகைக்கு வீடு தேடி அலுத்துப்போன ஒரு நாளில், “பண்பட்ட குடும்பங்களுக்கு ஒரு கண்ணியமான முகவரி” என்ற வெல்மோராவின் விளம்பரப் பலகையைப் பார்த்து ரபாப் சொன்னாள்:

“நாம பண்பட்டவங்கதானே ஹாதிம்? முன்பணத்துக்குச் சேத்து வச்சிருக்கோம். போய்க் கேட்டா அடிச்சா விரட்டிடுவாங்க?”

வெல்மோரா என்ற சொல் எந்த மொழி, அதற்கு என்ன பொருள் என்பது விற்பனைப் பிரிவுக்கே தெரியாது. ஆனால் அங்கே பணம் இருந்தால் மட்டும் வீடு கிடைத்துவிடாது. முதலில் குடும்பத் தகுதிக் குழுவின் நேர்காணலில் தேற வேண்டும்.

நேர்காணல் நாளன்று வரவேற்பறைப் பெண் ஹாதிமின் கழுத்தைப் பார்த்துவிட்டு, “டை இல்லாம உள்ள விட மாட்டாங்க சார்” என்றாள். ஹாதிம் தன் கழுத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். அப்போது உள்ளேயிருந்து ஒரு இளம் ஜோடி வெளியே வந்தது. முகத்தைப் பார்த்தாலே முடிவு தெரிந்தது.

“நிச்சயம் ஆகி ஏழு வருஷம் ஆச்சு,” என்று அந்தப் பெண் ரபாபிடம் தன் விரலைக் காட்டினாள். “மோதிரமே இறுகிப் போச்சு.”

“அது மோதிரத்தோட தப்பில்ல மயார்,” என்றான் அந்த இளைஞன். “ஏழு வருஷமா எங்கம்மா உனக்கு அனுப்புற கேக்கோட தப்பு.”

அவன் பெயர் நாதிர். ஒரு பள்ளியில் வேதியியல் ஆசிரியர். பள்ளியின் பெயரையும் பேச்சோடு பேச்சாகச் சொன்னான். சொல்லிக்கொண்டே தன் பச்சை டையைக் கழற்றி ஹாதிமின் கழுத்தில் மாட்டி, முடிச்சையும் சரிசெய்துவிட்டான்.

“எனக்கு ராசியில்ல. உங்களுக்காவது இருக்கட்டும் உஸ்தாத்.”

“இத எங்க வந்து திருப்பித் தர்றது? வீட்டு விலாசம் சொல்லுங்க.”

“விலாசம் இருந்தா இங்க எதுக்கு வர்றேன்? திருப்பித் தரணும்னா ஒரு வீடா தாங்க!”

நால்வரும் சிரித்தார்கள். தோற்றுப்போய் வெளியே வருகிற மனிதனுக்கு, உள்ளே போகிறவனின் கழுத்தைப் பற்றிக் கவலைப்படத் தோன்றுவது சின்ன விஷயமில்லை. ஹாதிம் அதை நினைத்துக்கொண்டேதான் உள்ளே போனான்.

குழுவில் மூன்று பேர். தலைவர் ஷரீஃப்; எல்லாரும் மரியாதையாக ‘ஷரீஃப் பே’ என்பார்கள். அவருக்கு வலப்புறம் விற்பனை மேலாளர் ஷாஹினாஸ் மேடம். இடப்புறம் இருந்த மெலிந்த மனிதரை நறுமண ஆலோசகர் என்று அறிமுகப்படுத்தினார்கள். அவர் ஒன்றும் பேசாமல் கண்களை மூடி மூச்சை இழுத்துக்கொண்டிருந்தார்.

“கோடைக்கு எங்க போவீங்க?” என்று ஷாஹினாஸ் ஆரம்பித்தாள்.

“ராஸ் எல்-பர். அங்க என் மச்சினி வீடு இருக்கு,” என்றான் ஹாதிம்.

“வட கடற்கரைக்குப் போறதில்லையா? பெரிய குடும்பங்க எல்லாம் அங்கதானே போவாங்க?”

“பஸ்ஸுல போகும்போது பாத்திருக்கோம்,” என்றாள் ரபாப்.

“குழந்தைகிட்ட வீட்டுல என்ன மொழியில பேசுவீங்க?”

“அரபிதான்,” என்றாள் ரபாப்.

“கோபம் வந்தா?”

“அப்பவும் அரபிதான் மேடம். அப்பதான் ரொம்ப நல்லா வரும்.”

நறுமண ஆலோசகர் கண்ணைத் திறந்தார். “கத்தரிக்காய்,” என்றார். “பொரிச்சது. நேத்து.”

ரபாப் தலையைக் குனிந்துகொண்டாள். அது உண்மைதான்.

“பரவால்ல, பரவால்ல,” என்று ஷரீஃப் பே பெரிய மனதோடு கையசைத்தார். “டாக்டர் ஹாதிம், வீடு எதுக்காக வாங்கறீங்க?”

“குடியிருக்க.”

மூன்று பேனாக்களும் நின்றன.

“யாரு குடியிருக்க?”

“நாங்கதான்.”

“எப்போலேருந்து?”

“சாவி குடுக்கற அன்னிக்கே.”

ஷரீஃப் பே கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கெட்ட செய்தி சொல்ல வந்த மருத்துவரைப் போல அவர் குரல் தணிந்தது.

“தப்பா எடுத்துக்காதீங்க டாக்டர். வீடுங்கறது ஒரு நம்பிக்கை. மனுஷன் உள்ள வந்தா அது தேய ஆரம்பிக்கும். ஆணி அடிப்பான். பசங்க சுவத்துல கிறுக்கும். குழாய் சொட்டும். சொட்டுதுன்னு அவனே வந்து புகார் வேற சொல்லுவான். இதுவரைக்கும் எங்ககிட்ட வாங்கின ஒருத்தர்கூட ஒரு புகார் சொன்னதில்ல. ஏன்னு நினைக்கிறீங்க? ஒருத்தரும் இங்க இல்ல! இந்த நாட்டுலயே வாடிக்கையாளர் இவ்ளோ திருப்தியா இருக்குற இடம் இதுதான்.”

குழு கலந்து பேசியது. ஹாதிம் குடும்பத்துக்கு வாழும் நோக்கம் இருக்கிறது, அதுவும் முற்றிய நிலையில் இருக்கிறது, இப்போதைக்கு வீடு தருவதற்கில்லை என்று தலைவர் அறிவித்தார். பிறகு மூவரும் எழுந்து நின்று, துக்க வீட்டில் கொடுப்பதுபோலக் கைகொடுத்தார்கள்.

வாசலைத் தாண்டுவதற்குள் ஷாஹினாஸ் குதிகால் செருப்பு டக்டக்கென்று ஒலிக்க ஓடி வந்தாள்.

“டாக்டரம்மா, ஒரு நிமிஷம்! உங்ககிட்ட ஒரு அருமையான குறை இருக்கு. அத நாங்க பயன்படுத்திக்கலாம்.”

சாயங்காலத்தில் வீடு பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைக் கேட்கிறார்களாம்: ஏன் இப்படி இருட்டாக இருக்கிறது? “வழியில போற பஸ்ஸுல சின்னப் பிள்ளைங்ககூடக் கேக்குதுங்களாம்!” என்று அவள் வருத்தப்பட்டாள். அதனால் விற்பனைக்கான மாதிரி வீட்டில் ஒரு மாதிரிக் குடும்பத்தை வைக்க நிர்வாகம் தீர்மானித்திருந்தது. வாடகை கிடையாது. வருகிறவர்கள் கண்ணில் படும்படி அளவாகச் சிரித்துக்கொண்டு இருந்தால் போதும். ஒரு வருஷம் ஒழுங்காக இருந்தால், வாழும் நோக்கம் தணிந்திருக்கிறதா என்று குழு மறுபடி பரிசோதிக்கும்.

“அதாவது, வாழ்ற மாதிரி இருக்கணும். ஆனா வாழக் கூடாது. அப்படித்தானே?” என்று ஹாதிம் மெதுவாகக் கேட்டான்.

“எவ்ளோ சீக்கிரம் புரிஞ்சிக்கிட்டீங்க! படிச்சவங்கன்னா படிச்சவங்கதான்.”

பஸ் வரும்வரை புருஷனும் பெண்டாட்டியும் சாலையோரம் நின்று வாதாடினார்கள்.

“பொம்மைக் கல்யாணமா நடத்தப் போறோம்?” என்றாள் ரபாப்.

“ஃபத்ஹி மகனுக்குக் கட்டில் வாங்கிட்டாரு ரபாப். நம்ம மாடிப்படியிலதான் நிக்குது. நேத்து அதத் தாண்டித்தானே குதிச்சு வந்தோம்?”

ரபாப் தூரத்தில் வந்த பஸ்ஸுக்குக் கைகாட்டினாள். “சரி, நடிப்போம். ஆஸ்பத்திரியில மருந்து இருக்குற மாதிரி தினம் நடிக்கிறேன். இது என்ன பெரிய கஷ்டம்?”

கஷ்டமாகத்தான் இருந்தது. மாதிரி வீட்டில் அறை பெரிதாகத் தெரிய வேண்டும் என்பதற்காகக் கட்டில்களை முக்கால் நீளத்தில் செய்திருந்தார்கள். ஹாதிம் படுத்தால் முழங்காலுக்குக் கீழே எல்லாம் வெல்மோராவுக்கு வெளியே இருப்பதுபோலத் தொங்கும். விசாலமாகக் காட்டுவதற்காகக் கதவுகளையும் எடுத்துவிட்டிருந்தார்கள். புத்தக அலமாரியில் புத்தகங்களின் முதுகு அட்டைகள் மட்டும் இருந்தன. பளிங்குக் குளியலறையில் தங்கக் குழாய் பளபளத்தது. திருகினால் காற்றுகூட வராது. தொழுகைக்கு முன் கைகால் கழுவி ஒளூ செய்வதற்கும் மற்றதற்கும் காவலர் கொட்டகைவரை நடக்க வேண்டும். மேசைமேல் இருந்த பழங்கள் பிளாஸ்டிக். முதல் நாளே தஸ்னீம் ஒரு ஆப்பிளைக் கடித்துப் பார்த்துவிட்டாள். பல் பதிந்த பக்கத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைக்குமாறு நிர்வாகம் கேட்டுக்கொண்டது.

தஸ்னீம் என்ற பெயர் விளம்பரத்துக்குச் சற்றுப் பழசாக இருக்கிறது என்று பார்வை நேரத்தில் அவளை ‘தியா’ என்று கூப்பிடச் சொன்னார்கள். ரபாப் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து, வெள்ளை உடுப்பைக் கழற்றி, பால்கனியில் காபிக் கோப்பையோடு நின்று சிரிக்க வேண்டும். கோப்பையில் காபி இருக்காது. ஹாதிமுக்கு இன்னொரு வேலையும் சேர்ந்தது. மஃரிபுக்குப் பிறகு சாவிக்கொத்தோடு ஓடிப்போய்க் காலி வீடுகளில் ஒன்றிரண்டில் விளக்கைப் போட வேண்டும். சற்று நேரத்தில் அதை அணைத்துவிட்டு வேறு இரண்டில் போட வேண்டும். நிர்வாகம் இதற்கு ‘உயிர்ப்பு அறிகுறி’ என்று பெயர் வைத்திருந்தது. மண்ணியல் முனைவர் மூச்சிரைக்க மாடி ஏறி இறங்குவதைக் கீழே நிற்கும் வாடிக்கையாளர்கள் அண்ணாந்து பார்த்து, “நல்லா ஆளுங்க இருக்காங்களே!” என்பார்கள்.

எப்போதும் யாரோ பார்த்துக்கொண்டிருப்பது போலவே இருந்தது. தும்மினால்கூட, இது அனுமதிக்கப்பட்ட தும்மல்தானா என்று ஹாதிம் சுற்றிலும் பார்த்தான். தொழுகையில் நிற்கும்போது மட்டும்தான் நடிக்க வேண்டியிருக்கவில்லை. அப்போதும் ஒருமுறை ஷாஹினாஸ் ஒரு கூட்டத்தோடு வந்து, “இங்க ஆன்மிகத்துக்கும் இடம் இருக்கு, பாருங்க” என்று சுட்டிக்காட்டிவிட்டுப் போனாள்.

ரமலானுக்கு முந்தைய ஷஃபான் மாதத்தின் கடைசி வெள்ளிக்கிழமை. நாளைக்கோ மறுநாளோ நோன்பு. ஜும்ஆ தொழுகை முடிந்து ஹாதிம் வந்தபோது, கண்ணாடி போல மின்னும் போலி அடுப்புக்கு முன்னால், தரையில் ஒரு சின்ன காஸ் அடுப்பை வைத்து ரபாப் உட்கார்ந்திருந்தாள். சட்டியில் கோழிச் சாறு கொதித்தது. பக்கத்தில் பொடியாக அரிந்த முலூகியா கீரை பச்சைப்பசேலென்று குவிந்திருந்தது.

“ரபாப்! இங்க சமைக்கக் கூடாது!”

“தெரியும். அஸர் தொழுகை முடிஞ்சு சாயங்காலம்தான் ஆளுங்க வருவாங்க. நோன்புக்கு முன்னாடி என் பிள்ளைக்கு ஒரு வாய் முலூகியா குடுக்காம இருக்க மாட்டேன். நீ வேணும்னா வெளிய போய் வாழ்ற மாதிரி நில்லு.”

அவள் கீரையைச் சாற்றில் கரைத்தாள். இன்னொரு வாணலியில் நெய், நசுக்கிய பூண்டு, கொத்தமல்லிப் பொடி. அது பொன்னிறமாகச் சிவந்து பொரிந்தது. அதைச் சட்டியில் கொட்டும்போதுதான் அந்தத் தவறு நடந்தது.

கெய்ரோவில் எந்த வீட்டிலும் அந்தத் தாளிப்பைச் சும்மா கொட்ட மாட்டார்கள். கொட்டுகிற கணத்தில், பயந்துபோனவள்போல, “ஹ்ஹா!” என்று மூச்சை உள்ளே இழுக்க வேண்டும். இழுக்காவிட்டால் கீரை அடியில் போய்த் தங்கிவிடும், ருசியே வராது என்பது நம்பிக்கை. கண் மருத்துவம் படித்தவள் அதை நம்புவாளா என்று கேட்டால், ரபாபும் சிரிப்பாள். ஆனால் மூச்சை இழுக்காமல் அவள் ஒரு நாளும் கொட்டியதில்லை. அன்றைக்கும் இழுத்தாள். ஒரு மாதமாக அடக்கி வைத்திருந்த மூச்சு அது. கதவே இல்லாத வீட்டில் எட்டு அறைகளிலும் எதிரொலித்தது.

முதலில் காவலர்கள் ஓடி வந்தார்கள். “யாரு விழுந்தது? டாக்டரம்மாவுக்கு என்ன ஆச்சு?” அவர்களுக்குப் பின்னால் ஷாஹினாஸ். அவளுக்குப் பின்னால், அன்றைக்குப் பார்த்து முன்னதாகவே வந்துவிட்ட ஒரு வாடிக்கையாளர் கூட்டம். எல்லாருக்கும் முன்னால் அந்த வாசனை வாசலுக்குப் போய் அவர்களை வரவேற்றிருந்தது.

ஷாஹினாஸ் வெளிறிப்போனாள். “இது... இது எங்களோட...” என்று வார்த்தை தேடினாள்.

தஸ்னீம் உதவிக்கு வந்தாள். “இது முலூகியா. மத்ததெல்லாம் பிளாஸ்டிக். நான் தியா இல்ல, தஸ்னீம். நாங்க சும்மா இருக்குற மாதிரி இருக்கோம்.”

கூட்டத்தில் ஊன்றுகோலோடு நின்ற ஒரு பெரியவர் தரையில் சட்டிக்கு எதிரே உட்கார்ந்தார். ஹாஜி மஹ்ரூஸ். ஒரு காலத்தில் ஓடு, பளிங்கு வியாபாரம் செய்தவர், மனைவியை இழந்தவர். வெல்மோராவில் ஏற்கெனவே இரண்டு மகன்களுக்கு இரண்டு வீடு வாங்கிப் போட்டிருந்தார். ஒருவன் கனடாவில், ஒருவன் ஜெர்மனியில். இப்போது பிறக்கப்போகும் பேரனுக்கு மூன்றாவது வீடு பார்க்க வந்திருந்தார்.

“அந்த மூச்ச இழுத்தது யாரு?” என்று கேட்டார்.

“நான்தான் ஹாஜி,” என்றாள் ரபாப், குற்றவாளியைப் போல.

“கேட்டு நாலு வருஷம் ஆச்சும்மா. ஒரு கரண்டி ஊத்து.”

“ஹாஜி, வீட்டுல சமைச்சா வீடு பழசாயிடும்!” என்று ஷாஹினாஸ் கெஞ்சினாள்.

“வாங்கினதுலேருந்து என் வீடு புதுசாத்தான்மா இருக்கு. அதுல எனக்கு என்ன சுகம்?” என்றார் அவர், ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே. இரண்டு கிண்ணம் சாப்பிட்டார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு ஹாதிமிடம் திரும்பினார். “ஏன்பா, நிஜ வீட்டுல இருக்கீங்களா? என் பெரியவனோடது சும்மாத்தான் கிடக்கு. இப்ப வரைக்கும் டொக்கியில என்ன வாடகை குடுத்தீங்களோ, அதயே குடுங்க.”

ஷாஹினாஸ் குறுக்கிட்டாள். குடும்பத்தினரைத் தவிர வேறு யாரையும் குடிவைக்க விதியில் இடமில்லை என்றாள்.

“இவங்க உப்பத் தின்னுட்டேன்மா. இன்னும் என்ன உறவு வேணும்?”

மறுநாளே குழு அவசரமாகக் கூடியது. வெல்மோராவில் அதுவரை யாரும் குடியேறக் கேட்டதில்லையாதலால், குடியிருத்தல் என்றால் என்ன என்பதிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. தூங்குவது அதில் சேருமா, துணி உலர்த்துவது சேருமா என்று மதியம்வரை விவாதம் நடந்தது. கடைசியில் ஷரீஃப் பே எழுந்தார்.

“ஹாஜி, இன்னைக்கு ஒருத்தர் வாழ்ந்தா, நாளைக்கு எல்லாரும் வாழணும்னு கேப்பாங்க. கடை வரும். பசங்க பந்து விளையாடும். ஒருத்தர ஒருத்தர் பேரு சொல்லிக் கூப்பிடுவாங்க. அப்புறம் இது சாதாரண ஊரா ஆயிடுமே! இதுக்காகவா நாங்க இவ்ளோ உயரமா சுவர் கட்டினோம்?”

ஹாஜி மஹ்ரூஸ் யோசித்துப் பார்த்தார். “அப்போ என் ரெண்டு வீட்டையும் திருப்பி எடுத்துக்கங்க பே. காசக் குடுங்க.”

அதற்கு மேல் விவாதம் நீளவில்லை. மேலும், முதல்நாள் அந்தக் கூட்டத்தில் வந்த பலர் வீடு பதிவு செய்துவிட்டார்கள் என்ற தகவலை ஷாஹினாஸ் தலைவரின் காதில் சொன்னாள். அடுத்த வாரம் நறுமண ஆலோசகரின் மேற்பார்வையில், மாதிரி வீட்டுக்குப் பூண்டு கொத்தமல்லித் தாளிப்பு வாசனையைத் தெளிக்கும் கருவி பொருத்தப்பட்டது. மூச்சை இழுக்கும் சத்தத்தையும் பதிவு செய்து ஒலிக்கவிட்டார்கள்.

குழு கூடிய அன்றே, ஹாதிமிடம் சாவியைக் கொடுத்தபோது ஹாஜி இன்னொரு சாவியையும் காட்டினார். “எதிர்க் கட்டடத்துல சின்னவனோடது. அதுலயும் யாராவது சமைச்சா நல்லா இருக்கும். உனக்குத் தெரிஞ்சவங்க யாராவது இருக்காங்களா?”

ஹாதிமுக்கு முதலில் நினைவு வந்தது தன் துறைத்தலைவர். அவருடைய மகனுக்கு வீடு தேடிக்கொண்டிருந்தார்கள். ஹாதிமின் பதவி உயர்வு அவர் சொல்லில்தான் இருந்தது. ஒரு பேச்சு பேசினால் போதும். அவன் சட்டைப்பையில் கைவிட்டான். சுருட்டி வைத்திருந்த பச்சை டை விரலில் தட்டுப்பட்டது.

“நாதிர்னு ஒரு வாத்தியார் இருக்காரு ஹாஜி,” என்று சொல்லிப் பள்ளியின் பெயரைச் சொன்னான். “நிச்சயமாகி ஏழு வருஷமா வீடு இல்லாம நிக்கிறாங்க. ஆனா நான் சொன்னேன்னு சொல்லாதீங்க.”

“ஏன்பா?”

“தெரிஞ்சா நன்றி சொல்ல எதையாவது தூக்கிக்கிட்டு வருவாங்க. அப்புறம் இது முடியவே முடியாது.”

ஹாஜி சாவியை நீட்டினார். “முதல் நோன்பு திறந்ததும் அவங்கள கூட்டிட்டு வர்றேன். கதவத் திறந்து மட்டும் வை. அங்க கரண்டு உண்டு. பல்புதான் ஒண்ணுகூடக் கிடையாது.”

முதல் நோன்பு. மஃரிபுக்குச் சற்று முன்னால், “இதோ வந்துடறேன்” என்று ரபாபிடம் சொல்லிவிட்டு ஹாதிம் கிளம்பினான். வெல்மோராவின் தெருக்களில் ஈ காக்கை இல்லை. காவலர்கள் எல்லாரும் கொட்டகையில் பாங்குக்காகக் காத்திருந்தார்கள். எதிர்க் கட்டடத்தில் ஏறிக் கதவைத் திறந்தான். உள்ளே சிமென்ட் வாசனை. கூரையிலிருந்து ஒயர் தொங்கிக்கொண்டிருந்தது. நிர்வாகத்தின் பல்புகள் அவனிடம் நிறைய இருந்தன. அவற்றைத் தொடாமல் கடையில் சொந்தமாக ஒன்று வாங்கி வந்திருந்தான்.

தூரத்தில் பாங்கு எழுந்தது. இருட்டிலேயே நின்று, பிஸ்மி சொல்லி, ஒரு பேரீச்சம்பழத்தை வாயில் போட்டுக்கொண்டான். பிறகு எட்டிப் பல்பைத் திருகி, விளக்கைப் போட்டான். வெறும் சுவர்கள்தான் தெரிந்தன. ஆனாலும் முதல்முறை உள்ளே வருகிறவர்கள் இருட்டில் தடவ வேண்டியதில்லை. அவன் கதவைத் தாழிடாமல் சாத்திவிட்டு, யாரையும் பார்க்காமல் வந்த வழியே திரும்பினான். டையைத் திருப்பி வைக்கவில்லை. நாதிர் வீடாகத்தானே கேட்டான்.

புது வீட்டில் பருப்பு சூப் ஆறிக்கொண்டிருந்தது. தஸ்னீம் ஜன்னலில் மூக்கை அழுத்திக்கொண்டு நின்றாள்.

“பாபா, இங்க வாயேன்! அந்த இருட்டு வீட்டுல யாரோ முழிச்சிட்டாங்க!”

“அப்படியா?” என்றபடி ஹாதிம் உட்கார்ந்து, ரொட்டியைப் பிய்த்து சூப்பில் நனைத்தான்.